எடுத்து வளர்த்தவளுக்கு எழுத்து எங்கே?

நாகலாபுரத்துக் கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் பறித்துக் கூலி வாங்கும் ஒரு தாயை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள், தோழர்களே! அவள் புருஷனுக்குக் கோவில்பட்டிப் பக்கம் பஞ்சாலையில் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷம். மடியில் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை பட்டாசு வேலைக்குப் போனவன். வெடி விபத்தில் மாண்டான். கொஞ்ச நாளில் அவன் பெண்சாதியும் நோயில் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது மூன்று வயதுப் பையனும் கண் மங்கிய பாட்டியும். "இனி நீதான் தாயி இவனுக்கு ஆத்தா. உன் கையிலே ஒப்படைச்சிட்டேன்" என்று பாட்டி பையனைத் தூக்கிக் கொடுத்தாள். தெருவே கூடி நின்று பார்த்தது. கூழோ கஞ்சியோ, அன்று முதல் அவன் இவர்கள் வீட்டுப் பிள்ளை.

பன்னிரண்டு வருஷம் ஓடுகிறது. ஒரு நாள் ஆலை எந்திரம் புருஷனைக் காவு வாங்குகிறது. நஷ்ட ஈட்டுக்கு மனுப் போடப் போன இடத்தில் கேட்கிறார்கள்: "இந்தப் பையன் யார்?" "என் மகன்." "பிறப்புச் சர்ட்டிபிகேட்டில் வேறு தகப்பன் பெயர் இருக்கிறதே! தத்துப் பத்திரம் எங்கே? கோர்ட்டு உத்தரவு எங்கே?"

அவளிடம் என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருஷம் ஊட்டிய கை இருக்கிறது. எழுத்து இல்லை.

இது எந்த ஒரு வீட்டையும் சுட்டிச் சொன்ன கதையல்ல. ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. வேலையிடத்தில் இறந்த தொழிலாளிக்கு நஷ்ட ஈடு வழங்க 1923இல் வந்த சட்டத்திலும் சரி, அதன் இடத்தில் இப்போது வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் சரி, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் பட்டியலில் பெற்ற பிள்ளை உண்டு. சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையும் உண்டு. சும்மா "எடுத்து வளர்த்த" பிள்ளை அந்த வரிசையில் இல்லை. கைம்பெண்ணுக்குரிய பங்கு அவளுக்குக் கிடைக்கலாம். பையனுக்கு என்ன கிடைக்கும்? "நீ யார்?" என்ற கேள்விதான் கிடைக்கும்.

தத்தெடுப்புச் சட்டம் பணக்காரர் வீட்டு விவகாரம், நமக்கு அதில் என்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு. அது நம் பிள்ளைகளின் ரொட்டிப் பிரச்னை. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, எங்கே நமக்குத் துணை நிற்கிறது, எங்கே நம்மை வாசலிலேயே நிறுத்துகிறது என்று பார்ப்போம்.

ஜமீனுக்கு ஒரு சுவீகாரம்

நமது சீமை ஜமீன்களும் பாளையங்களும் நிறைந்திருந்த சீமை. அங்கே சுவீகாரம் என்றால் பிள்ளைப் பாசம் மட்டுமல்ல. நிலம், கிஸ்தி, கொத்தளம், பட்டம். பிள்ளையில்லாத ராஜா இறந்தால் சுவீகாரப் பிள்ளைக்கு உரிமையில்லை என்று சொல்லி, 1848இல் சதாராவையும் 1854இல் ஜான்சியையும் டல்ஹௌசி விழுங்கினான். சுவீகாரம் செல்லுமா செல்லாதா என்பதில் ராஜ்யங்களே கைமாறின.

நமக்குப் பக்கத்திலேயே ராமநாதபுரம் இருக்கிறது. அங்கே ராணி பர்வதவர்த்தனி, புருஷன் இறந்த பிறகு முத்துராமலிங்க சேதுபதியைச் சுவீகாரம் எடுத்தார். அது செல்லாது என்று மதுரை ஜில்லா கலெக்டர் வழக்காடினார். வழக்கு கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. நெருங்கிய பங்காளிகளின் சம்மதத்தோடு கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாம் என்று 1868இல் தீர்ப்பாயிற்று.

ஒரு ஜமீனின் வாரிசுக்காக வழக்கு லண்டன் வரை போக முடிந்தது. ஒரு கூலிக்காரியின் பிள்ளைக்காகத் தூத்துக்குடி வரை போவதற்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் தடையாக நிற்கின்றன. தத்து என்ற விஷயத்தில் வர்க்க வித்தியாசம் இவ்வளவு பச்சையாகத் தெரிகிறது!

அந்தப் பழைய முறையில் பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுக்க முடியாது. பெண் தனக்கென்று பிள்ளை எடுக்க முடியாது. புருஷனுக்காகத்தான் எடுக்க முடியும். கொள்ளி வைக்க ஒரு ஆண், சொத்தைக் கட்டிக் காக்க ஒரு ஆண். அதுதான் அதன் உயிர்.

1956இன் சட்டம் என்ன சொல்கிறது?

1956இல் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றாயிற்று. பெண்ணும் தத்தெடுக்கலாம் என்றாயிற்று. 2010இல் செய்த திருத்தத்தால் கல்யாணமான பெண்ணும் புருஷன் சம்மதத்தோடு தன் பேரிலேயே தத்தெடுக்க உரிமை பெற்றாள். இவை முன்னேற்றங்கள். மறுக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டப்படி தத்து செல்ல வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. பிள்ளைக்குப் பதினைந்து வயது பூர்த்தியாகி இருக்கக் கூடாது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. வேறு வழக்கம் உள்ள சமூகத்துக்கு மட்டும் இந்த இரண்டிலும் விலக்கு உண்டு. ஆண் ஒருவர் பெண் குழந்தையை எடுத்தாலும், பெண் ஒருவர் ஆண் குழந்தையை எடுத்தாலும் இருவருக்கும் இடையே இருபத்தொரு வயது வித்தியாசம் வேண்டும். கொடுப்பவர் கையால் கொடுத்து, எடுப்பவர் கையால் வாங்கியிருக்க வேண்டும். ஹோமம் வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்துவிட்டால், எதிராக நிரூபிக்கப்படும் வரை கோர்ட்டு அந்தத் தத்தைச் சரியென்றே கொள்ளும். தத்துக்காகப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். தத்துக் கொடுக்க யாருக்கு உரிமை? தகப்பனுக்கு, தாய்க்கு, இருவரும் இல்லையென்றால் கார்டியனுக்கு. அந்தக் கார்டியனும் முன்கூட்டியே கோர்ட்டின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். கோர்ட்டு என்றால் ஜில்லா கோர்ட்டு. பிள்ளையின் நன்மைக்காகத்தான் இது நடக்கிறது, கைமாறாகப் பணம் எதுவும் போகவில்லை என்று விசாரித்துத் திருப்தியடைந்த பிறகே அனுமதி கிடைக்கும்.

ஆகவே நம் கதையில் பாட்டி தூக்கிக் கொடுத்தது தத்து ஆகாது. ஊரே சாட்சி நின்றாலும் ஆகாது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, பெருவிரல் ரேகை வைத்து, நோட்டரி முத்திரை குத்தினாலும் ஆகாது. இதைச் சொல்லிக் கொடுக்க அந்தத் தெருவில் யாருமில்லை. பத்திரம் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக் கொள்ள மட்டும் ஆள் உண்டு!

இன்னொன்றும் இருக்கிறது. ஏற்கெனவே மகன் உள்ளவர் இந்தச் சட்டப்படி இன்னொரு ஆண் பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. மகள் உள்ளவர் இன்னொரு பெண் பிள்ளையை எடுக்க முடியாது. ஏன் இந்தத் தடை? சொத்துக்கு வாரிசு தேடும் ஜமீனின் கணக்கு அது: வாரிசு இருக்கும்போது இன்னொருவன் எதற்கு? நம் வீட்டில் அந்தக் கணக்கு ஓடாது. "இருக்கிற கஞ்சியில் இன்னும் ஒரு கும்பா ஊற்று" என்பதுதான் நம் கணக்கு. சொந்த மகன் இருக்கும்போதே அநாதைப் பையனையும் சேர்த்து வளர்க்கும் தாயைச் சட்டம் தாயாக எழுதிக் கொள்ள மறுக்கிறது.

2015இன் சட்டமும் அதன் வாசற்படியும்

இந்துச் சட்டம் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் பொருந்தாது. 1890ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி அவர்கள் கார்டியனாக இருக்கலாம், பெற்றோராக முடியாது. நம் வட்டாரத்தில் வேதக்கோவிலுக்குப் போகும் உழைப்பாளிகள் எத்தனை ஆயிரம்! இந்தத் தடையை 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் திறந்துவிட்டது. எந்த மதத்தவரும் இந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. இப்போது நடப்பில் இருப்பது 2015இன் இளைஞர் நீதிச் சட்டமும், 2022இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்.

இந்த வழியில் எல்லாம் ஒரே வரிசை. பிள்ளை வேண்டுவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் கம்ப்யூட்டர் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூக ஊழியர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். வரிசைப்படி பிள்ளை காட்டப்படும். கடைசி உத்தரவை 2022 செப்டம்பர் முதல் தேதிக்கு முன் கோர்ட்டு போட்டது. அதற்குப் பின் ஜில்லா கலெக்டர் போடுகிறார்.

புருஷனும் பெண்சாதியும் குறைந்தது இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வேண்டுமானால் இருவர் வயதும் கூட்டி எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தனியாக வாழும் பெண் ஆணையும் எடுக்கலாம், பெண்ணையும் எடுக்கலாம். தனி ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. பிள்ளைக்கும் எடுப்பவருக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும், இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களுக்கும், விசேஷக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகள், எளிதில் வீடு கிடைக்காத பிள்ளைகள் ஆகியோரை மட்டுமே கொடுப்பார்கள். உறவினர் பிள்ளைக்கு விலக்கு உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை நியாயமான நிபந்தனைகள். ஆனால் சட்டம் இன்னும் ஒன்று கேட்கிறது: எடுப்பவர் பொருளாதாரத்தில் உறுதியாக இருக்க வேண்டும். வருமானச் சான்று வேண்டும். பான் கார்டு வேண்டும். 2017இன் ஒழுங்குமுறைகளில் தத்துக் கட்டணம் மட்டும் 40,000 ரூபாய்; வீட்டு அறிக்கைக்கு 6,000 ரூபாய் தனி.

மழை பெய்தால் உளுந்து, பொய்த்தால் கரிமூட்டம் என்று வாழ்கிறவனிடம் வருமானச் சான்று கேட்டால் அவன் வானத்தைத்தான் காட்டுவான்! தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் பெண்ணிடம் பான் கார்டு கேட்டால் அவள் காய்ப்பேறிய விரலைத்தான் காட்டுவாள்!

இதற்கும் மேலாக ஒரு சிக்கல். இந்த வரிசையில் நின்றால் "இந்தப் பிள்ளையை எனக்குக் கொடு" என்று கேட்க முடியாது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோர் உறவு முறையில் குறிப்பிட்ட பிள்ளையைக் கேட்கலாம். பக்கத்து வீட்டுத் தாய் கேட்க முடியாது. அவள் மார்பில் தூங்கிய பிள்ளையே ஆனாலும், சட்டத்தின் கண்ணில் அவள் அந்நியள்.

ஏன் இத்தனை கெடுபிடி?

"அப்படியானால் இந்தச் சட்டங்களையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே! அவசரப்பட வேண்டாம். இந்த மதில் வீணாக எழுப்பியதல்ல. நம் பிள்ளைகளைத் திருடியவர்களைத் தடுக்க எழுப்பியது.

சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து 1990களில் ஏழைகளின் பிள்ளைகள் களவு போயின. பிளாட்பாரத்தில் தூங்கிய பிள்ளையை, தெருவில் விளையாடிய பிள்ளையைத் தூக்கினார்கள். பொய்ப் பத்திரம் தயாரித்து, தாய் மனமுவந்து கொடுத்ததாக எழுதி, ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தின் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். 2005இல் போலீஸ் விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. பிறகு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குப் போயிற்று. சென்னையில் ரிக்‌ஷாக்காரன் வீட்டில் வளர வேண்டிய பிள்ளை ஐரோப்பாவில் வேற்று மொழி பேசி வளர்ந்தது.

நாடு கடந்த தத்தில் இப்படிப்பட்ட வியாபாரம் நடப்பதைச் சுட்டிக் காட்டி எழுதப்பட்ட கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விதிகளை வகுத்தது. பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இடையே பிள்ளை வியாபாரம் நடக்காமல் தடுக்க 1993இல் ஹேக் நகரில் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2003இல் அதை ஏற்றது.

2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் என்ன வெளியாயிற்று? முப்பது வருஷமாகப் பிள்ளை விற்றேன் என்று ஒரு முன்னாள் நர்ஸ் பேசிய டெலிபோன் பேச்சு வெளியாயிற்று! ஆண் பிள்ளைக்கு ஒரு விலை, பெண் பிள்ளைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. பிறப்புச் சர்ட்டிபிகேட்டுக்குத் தனி விலை. பிள்ளைகள் எங்கிருந்து வந்தன? கொல்லிமலை ஏழை வீடுகளிலிருந்தும் வந்தன. வாங்கியவர் யார்? காசுள்ளவர்.

2021இல் கொரோனா காலத்தில் மதுரையில் ஒரு காப்பகத்தில், நோயில் செத்துப் போனதாகப் பொய்க் கணக்குக் காட்டிய பிள்ளை விற்கப்பட்டிருந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. அதே காலத்தில் "தாய் தகப்பனை இழந்த குழந்தை, வேண்டுவோர் வாங்கிக் கொள்ளலாம்" என்று செல்போனில் செய்திகள் பறந்தன. அநாதைப் பிள்ளைகளைச் சட்ட விரோதமாகத் தத்துக் கொடுப்பதைத் தடுக்கும்படி 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஆகவேதான் 2015இன் சட்டம், முறை தவறிப் பிள்ளையைத் தத்துக் கொடுத்தால் அல்லது எடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும். ஆஸ்பத்திரி ஊழியரே செய்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை.

இந்தக் கடுமை சரியானது. நாம் அதை ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். ராசிபுரத்தில் மூன்று லட்சம், நாலு லட்சம் எண்ணி வைக்க முடிந்தவனுக்குப் பொய்ச் சர்ட்டிபிகேட் கிடைத்தது. ஒரு சல்லிக் காசு கைமாறாமல், ஊரறிய, பிள்ளையை வளர்த்த கூலிக்காரிக்கு மெய்ச் சர்ட்டிபிகேட் கிடைக்கவில்லை. இந்த மதில் யாரைத் தடுத்தது? திருடன் ஏறிக் குதித்துப் போகிறான். கால் நொந்த தாய் வாசலில் நிற்கிறாள்!

பிலிப்பைன்ஸ் மக்களிடம் ஒரு பாடம்

கடலுக்கு அப்பால் பிலிப்பைன்ஸ் என்றொரு நாடு. தீவுக் கூட்டம். அதுவும் ஏழை நாடுதான். அங்கும் பெரும் பண்ணைகள், கரும்புத் தோட்டங்கள், நிலமற்ற கூலிகள். லட்சக் கணக்கான தாய்மார் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அந்நிய நாடுகளில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அங்கும் ஹேக் ஒப்பந்தம் உண்டு. வெளிநாட்டார் நேரே போய்ப் பிள்ளையைத் தூக்கி வர முடியாது. அரசு ஆணையத்தின் வழியாகத்தான் முடியும்.

ஆனால் தங்கள் ஏழை மக்களின் விஷயத்தில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கோர்ட்டுத் தத்துக்குக் காசும் காலமும் இல்லாதவர்கள், பிறர் பெற்ற பிள்ளையைத் தாங்கள் பெற்றதாகவே பதிவேட்டில் எழுதி வளர்த்து வந்தார்கள். அது குற்றம்தான். அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது? வளர்த்தவளைச் சிறையில் போட்டுப் பிள்ளையை இரண்டாம் முறை அநாதை ஆக்குவதா?

2019இல் 11222ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றினார்கள். பிள்ளையின் நன்மைக்காகவே அப்படி எழுதப்பட்டது, பிள்ளை குறைந்தது மூன்று வருஷம் அவர்களோடு வாழ்ந்திருக்கிறது என்று தெரிந்தால், தண்டனை இல்லை. பத்து வருஷ அவகாசத்துக்குள் மனுப் போட வேண்டும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஊரிலுள்ள சமூக நல அதிகாரியிடம் மனுவைக் கொடுத்தால் போதும். விசாரணை நடத்தி, பிள்ளையைச் சட்டப்படி தத்துப் பிள்ளை ஆக்குவார்கள். 2022இல் 11642ஆம் எண் சட்டத்தால் தத்து விவகாரத்தையே கோர்ட்டிலிருந்து எடுத்துத் தனி ஆணையத்திடம் கொடுத்தார்கள்.

பிலிப்பைன்ஸ் ஒன்றும் சோஷலிஸ்ட் நாடல்ல. அங்கும் முதலாளிகளும் நிலப்பிரபுக்களும்தான் ஆள்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"அப்படி வழி திறந்தால் பிள்ளை வியாபாரிகளும் அதில் நுழைவார்களே!" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான அச்சம். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தச் சொல்லவில்லை. குறித்த தேதிக்கு முன்பே ஊரறிய வளர்ந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும். குழந்தைகள் நலக் குழு விசாரித்த பிறகு. காசு கைமாறவில்லை என்று உறுதியான பிறகு. பெற்ற தாய் உயிரோடிருந்தால் அவளைத் தேடிக் கண்டு அவள் வாயால் கேட்ட பிறகு. இந்த நான்கும் இருந்தால் வியாபாரி நுழைய இடமேது?

பெற்ற தாயை இங்கே அழுத்திச் சொல்கிறோம். வறுமை ஒரு தாயின் குற்றமல்ல. கஞ்சிக்கு வழியில்லை என்பதற்காக அவள் பிள்ளையைப் பிடுங்கி வசதியுள்ளவன் கையில் கொடுப்பது தத்தல்ல, பகற்கொள்ளை. முதல் உதவி பெற்றவளுக்குத்தான் போக வேண்டும். வேறு வழியே இல்லாத தாய்க்கு, குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையை ஒப்படைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஒப்படைத்த பின்னும் மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் உண்டு. இதை அறியாததால்தான் ஆஸ்பத்திரி வாசலில் தரகன் நுழைகிறான்.

இன்று கையில் உள்ள வழிகள்

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. இருக்கிற வழிகளைத் தெரிந்து கொள்வோம்.

தாயோ தகப்பனோ உயிரோடிருந்து, மனமுவந்து, காசு வாங்காமல் கொடுத்தால், இந்துக்கள் 1956இன் சட்டப்படி பதிவுப் பத்திரம் செய்து கொள்ளலாம். இருவரும் இறந்துவிட்டால் கார்டியன் மூலம் ஜில்லா கோர்ட்டில் அனுமதி மனுப் போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையே என்று திகைக்க வேண்டாம். 1987இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உதவி உரிமை. பிச்சையல்ல, உரிமை!

பிள்ளை உறவுப் பிள்ளையானால் 2015இன் சட்டப்படி உறவினர் தத்து உண்டு. உறவல்லாத பிள்ளையானால், குழந்தைகள் நலக் குழுவிடம் சென்று, வளர்ப்புப் பராமரிப்பில் தங்களிடமே விடும்படி கேட்கலாம். முடிவு குழுவின் கையில். மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவி வகுக்கப்பட்டது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் "அன்புக் கரங்கள்" திட்டத்தை 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்காதவன் பெயர் பட்டியலில் ஏறாது.

அநாதையாக ஒரு பிள்ளையைக் கண்டால் யாரும் வீட்டில் வைத்து மறைக்க வேண்டாம். 1098க்குப் போன் செய்யுங்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு போக வேண்டும் என்பது சட்டம்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஜில்லா குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகள் மாதம் ஒரு முறை தாலூகாதோறும் வந்து முகாம் போட வேண்டும். நாகலாபுரத்துக்காரி தூத்துக்குடிக்கு அலையக் கூடாது. சர்க்கார் நாகலாபுரத்துக்கு வர வேண்டும்.

இரண்டு: பொருளாதார உறுதி என்பதற்கு மாடி வீடும் பாங்க் கணக்கும்தான் அர்த்தம் என்று வைக்கக் கூடாது. உழைக்கும் கையும் அரசின் மாத உதவியும் சேர்ந்தால் ஒரு பிள்ளையை வளர்க்கப் போதும். கூலிக்காரருக்குத் தத்துக் கட்டணம் முழுவதும் ரத்தாக வேண்டும்.

மூன்று: மகன் உள்ளவர் மகனை எடுக்கக் கூடாது, மகள் உள்ளவர் மகளை எடுக்கக் கூடாது என்ற ஜமீன் காலத்துத் தடை நீங்க வேண்டும்.

நான்கு: காசு கைமாறாமல் ஊரறிய வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, பிலிப்பைன்ஸில் செய்தது போல், கால வரம்போடு ஒரு முறைப்படுத்தும் சட்டம் வர வேண்டும்.

ஐந்து: பிள்ளையை விற்கும் தரகனுக்கும், பொய்ச் சர்ட்டிபிகேட் எழுதும் உத்தியோகஸ்தனுக்கும் சட்டத்தில் உள்ள முழுத் தண்டனை கிடைக்க வேண்டும். சின்ன மீனைப் பிடித்துப் பெரிய மீனை விடும் வேலை கூடாது.

சங்கத்தின் கடமை

ஆலைத் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் மட்டுமானவை அல்ல. தன் உறுப்பினர் வீட்டில் எழுத்தில்லாமல் வளரும் பிள்ளை உண்டா என்று ஒவ்வொரு கிளையும் விசாரிக்கட்டும். உண்டென்றால், வயது பதினைந்து தாண்டுவதற்குள் அழைத்துப் போய் மனுவை எழுதிக் கொடுக்கட்டும். முத்திரைத்தாளில் பிள்ளை கைமாறும் இடத்தில் சங்கத்துக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. அங்கே நின்று தடுத்து, சரியான வழியைக் காட்ட வேண்டும்.

தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைத் தெருவில் விடாத பண்பு நம் கரிசல் உழைப்பாளியின் பண்பு. அதை எந்தச் சட்டமும் கற்றுக் கொடுக்கவில்லை. வறுமையும் ஒற்றுமையும் கற்றுக் கொடுத்தன. அந்தப் பண்புக்குச் சட்டம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

"இந்தப் பையன் யார்?" என்று எந்த ஆபீசில் யார் கேட்டாலும், "என் மகன், இதோ எழுத்து!" என்று அந்தத் தாய் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். அந்த நாளுக்காகக் குரல் கொடுப்போம்! கோரிக்கை மனுவில் ஊர்தோறும் கையெழுத்துத் திரட்டுவோம்!